தமிழில் சொன்ன பெனால்டி

"கீப்பர் ஏன் அந்தப் பக்கம் பாய்ஞ்சவன்?" என்று தலைமைக் கோச் மார்க் அந்தச் சனிக்கிழமை இங்கிலிஷில் கேட்டார். நான் குனிந்து பந்துகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

கிழக்கு லண்டனில் ஒரு காலேஜ் புட்போல் டீமுக்கு இருபத்திரண்டு வருடமாக நான் அசிஸ்டன்ட் கோச். கோன் அடுக்குவது, பந்துக்குக் காற்றடிப்பது, எதிர் டீமின் ஆட்டத்தைப் போய்ப் பார்த்து நோட்ஸ் எழுதுவது எல்லாம் என் வேலை. தலைமைக் கோச்மார் ஐந்து பேர் வந்து போய்விட்டார்கள்.

என்னிடம் ஒரு வித்தை இருந்தது. டீமில் எப்போதும் இரண்டு மூன்று தமிழ்ப் பிள்ளைகள் இருப்பார்கள். மைதானக் கரையில் நின்று அவர்களுக்குத் தமிழிலேயே யோசனை சொல்வேன். எதிர் டீமுக்கு விளங்காது அல்லவா? நான் ஊக்கம் கொடுப்பதாக மார்க் நினைத்திருந்தார். நானும் திருத்தவில்லை.

கடைசி நிமிடம்

அன்று ஹாரோப் பக்கத்துக் காலேஜுடன் கப் அரையிறுதி. சமநிலையில் இருக்கும்போது கடைசி நிமிடத்தில் அவர்களுக்குப் பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தவன் ஒன்பதாம் நம்பர். என் நோட்ஸ்படி அவன் ஒவ்வொரு முறையும் கீப்பரின் இடப்பக்கம்தான் அடிப்பான். எங்கள் கீப்பர் கஜனுக்குக் கத்தினேன்: "கஜன், இடப்பக்கம் பாய் ராசா, யோசியாத."

கஜன் சொன்னபடி பாய்ந்தான். பந்து வலப்பக்கம் மெல்ல, ஆறுதலாக உருண்டு போனது. தோற்றோம்.

நோட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. "அடிக்க முதலே பாய்ஞ்சிட்டான். அடுத்த மேட்சுக்கு மற்றக் கீப்பரைப் போடுவம்," என்றார் மார்க். கஜனைப் பார்க்க ஒரு கிளப்பிலிருந்து ஆள் வர இருந்தது அந்த மேட்சுக்குத்தான். பெடியனோ என்னிடம் வந்து, "சொறி அங்கிள், என்ர பிழை," என்றான். எனக்கு வெட்கமாக இருந்தது.

கார் பார்க்கில் அந்த ஒன்பதாம் நம்பர் போனில் கதைத்துக்கொண்டு நின்றான். "ஓம் அம்மா, வெண்டிட்டம். பெனால்டி நான்தான் அடிச்சனான்." என்னைக் கண்டதும் போனைத் தாழ்த்தி, மரியாதையாக, "தாங்ஸ் அங்கிள்," என்றான்.

பஸ்ஸில் முன்சீட்காரரைப் பற்றித் தமிழில் நொட்டை சொல்ல, அவர் திரும்பித் தமிழிலேயே பதில் சொன்ன அனுபவம் லண்டனில் எங்களில் பலருக்கு உண்டு. ஹாரோவில், ரெய்னர்ஸ் லேன் பக்கம் எவ்வளவு தமிழ்ச் சனம் என்று எனக்குத் தெரியாதா? போய்ப் பார்த்த மேட்சுகளில் எல்லாம் அவனுடைய காலைத்தான் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை

சொன்னால் மார்க் இனி என்னை நம்பமாட்டார். சொல்லாவிட்டால் கஜனின் சான்ஸ் போய்விடும். இரண்டு நாள் குழம்பி, திங்கட்கிழமை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அப்ப இவ்வளவு நாளும் நீங்கள் ஊக்கம் குடுக்கேல்லையா?" என்றார் மார்க்.

"அதுவும் குடுத்தனான்."

சிரிக்கிறாரா, கோபிக்கிறாரா என்று முகத்தில் தெரியவில்லை. கடைசியில், "கஜன் விளையாடட்டும். நீங்கள் வாய் திறக்கப்படாது," என்றார்.

சப்பாத்துக் கயிறு

அடுத்த மேட்சிலும் எங்களுக்கு எதிராக ஒரு பெனால்டி. கஜன் என்னைத் திரும்பிப் பார்த்தான். வலப்பக்கம் என்று நோட்ஸில் இருந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. குனிந்து, இறுகக் கட்டியிருந்த சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். சத்தம் கேட்டு நிமிர்ந்தால், கஜன் இடப்பக்கம் விழுந்து கிடக்கிறான். பந்து அவன் நெஞ்சில்.

கிளப்காரர் அவனை ட்ரையலுக்குக் கூப்பிட்டார். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது.  ஆனால் நோட்ஸை நம்பி நான் வாய் திறந்திருந்தால்?

"ஏன் அங்கிள் இண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லை?" என்று கஜன் கேட்டான்.

"எனக்குத் தெரியேல்லையடா."

"அதுதான் நான் பந்தைப் பாத்தனான்."

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு: நோட்ஸ் எழுதுங்கள், நானும் எழுதுகிறேன். எப்போது வாயை மூடுவது என்பது மட்டும் அதில் இல்லை. அந்த நாளுக்கு முன் எத்தனை பிள்ளைகள் பந்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்களோ, அதுவும் இல்லை.