சிடிக்குக் குங்குமம் வைத்த வீடு

ஆயுத பூஜைக்கு மறுநாள் கடையைத் திறக்கவே கூடாது என்று ஒவ்வொரு வருஷமும் நினைப்பேன். ஒவ்வொரு வருஷமும் திறந்து தொலைப்பேன்.

தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் வீடியோ கேம் பெட்டிகள் ரிப்பேர் செய்கிறவள் நான். பெயர் கௌதமி. தலை நரைத்த பிறகும், கடைக்குள் வருகிறவர்கள் என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, "மெக்கானிக் இல்லீங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், வடையா சுட்டுக்கொண்டிருக்கிறேன்? எங்கள் குடும்பம் தாத்தா காலத்திலேயே பௌத்தத்துக்கு வந்துவிட்டதால் வீட்டில் ஆயுத பூஜை கிடையாது. ஆனால் சுரங்கப் பகுதிகளான நந்திதுர்க்கிலிருந்து கோரமண்டல் வரைக்கும் ஊரார் செய்கிற பூஜையின் பலன் முழுவதும் என் மேஜைக்குத்தான் வந்து சேரும். ரிமோட்டுக்குள் விபூதி, ஸ்பீக்கர் வலையில் சந்தனம், பவர் பட்டன் இடுக்கில் பொரி.

1. கேசட் புத்தி

பெட்டியில் செருகுகிற கேம் கட்டைக்குக் கார்ட்ரிட்ஜ் என்பது அட்டைப்பெட்டி மேல் அச்சடித்திருக்கும் பேர். எங்கள் ஊரில் அது கேசட். வட்டமாக இருக்கிற எதுவும் சிடி. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். பெட்டி கேசட்டைத் தொட்டுப் படிக்கிறது. சிடியைத் தொடாமல், கீழேயிருந்து வெளிச்சம் அடித்துப் படிக்கிறது. அதனால் கேசட் முரட்டுச் சாமான். தரையில் போடலாம், மேலே உட்காரலாம், ஸ்டிக்கர் மேல் சட்னி கொட்டலாம். அடியில் இருக்கும் காண்டாக்ட், அதாவது பெட்டியைத் தொடுகிற உலோகப் பட்டை, சுத்தமாக இருந்தால் ஓடும்.

ஆனால் தங்கச் சுரங்க ஊரில் அந்தக் காண்டாக்டைக் காட்டவே பயமாக இருக்கிறது. வரிசையாக மஞ்சள் பற்கள் மாதிரி மின்னும். பார்த்த உடனே, "இதுல தங்கமா கீது?" என்பார்கள். மைசூர் மைன்ஸ் பக்கத்துப் பெரியவர் ஒருவர், தங்கக் கல் அரைக்கும் மில்லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், பேரனுடைய கேசட்டைப் பிளேடால் சுரண்டி, அந்தத் தூளைக் காகிதத்தில் மடித்து என்னிடமே எடுத்து வந்தார். "எடை போட்டுப் பாரும்மா." கேசட் செத்துப்போனது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் காகிதத்தை மின்விசிறிக்கு நேராகப் பிரித்துக் காட்டினேன்.

இன்னொரு வியாதி ஊதுவது. கேசட் ஓடவில்லை என்றால் கழற்றி, புல்லாங்குழல் மாதிரி வாயில் வைத்து ஊதி, திரும்பப் போடுவார்கள். ஓடிவிடும். ஊதியதால் ஓடவில்லை ஐயா, கழற்றி மாட்டியதால் காண்டாக்ட் சரியாக உட்கார்ந்து ஓடுகிறது. ஊதினால் எச்சில் ஈரம் பட்டு நாளடைவில் காண்டாக்ட் பச்சை பிடிக்கும். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வறண்டது.

2. மூன்று பொட்டு

ஒரு வருஷம் பூஜைக்கு மறுநாள் காலை பிரபு வந்தான். கோரமண்டல் பையன். பையன் என்கிறேன், மீசை வைத்து வேலைக்குப் போய்ச் சில வருஷம் ஆகிறது. விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் இருட்டிய பிறகு திரும்பும் கூட்டத்தில் ஒருவன். வெளிவராத கேம்களை விளையாடிப் பார்த்து எங்கே தப்பு வருகிறது என்று சொல்வது அவன் வேலை. அவன் பின்னாலேயே அவன் அம்மா சரோஜா. வீட்டிலிருந்தே சண்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அக்கா, சிடி உள்ள மாட்டிக்கினு வரமாட்டேங்குது."

"எப்படி மாட்டிச்சு?"

"இவங்களையே கேளுங்க."

"நான் இன்னா பண்ணேன்? தையல் மிஷினுக்கு வெச்சேன், அருவாமணைக்கு வெச்சேன், இவன் பெட்டிக்கும் வெச்சேன். பட்டன் அமுந்தி உள்ளேர்ந்து ஒரு தட்டு வந்துச்சே, அதான் முக்கியம்னு அதுக்கும் வெச்சு உள்ள தள்ளினேன். சோறு போடற சாமானாச்சே!"

"எந்தப் பக்கம் வெச்சீங்க அக்கா?"

"ஒரு பக்கம் மையில என்னமோ எழுதி இருந்துச்சு. அது மேல வெச்சா எழுத்து அழிஞ்சிபூடும், ஆபீஸ்காரங்க இவனத் திட்டுவாங்க. அதனால பின்னால, பளபளன்னு சும்மா இருந்த பக்கத்துல வெச்சேன். மூணே மூணு பொட்டு."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த அம்மாள் யோசித்ததில் ஒரு தப்பும் இல்லை. எழுதின பக்கத்தில் ஒன்றுமில்லாமல், எழுதாத பக்கத்தில் எல்லாவற்றையும் வைத்திருக்கிற சாமானைக் கண்டுபிடித்தவனைத்தான் கேட்க வேண்டும். கேசட்டாக இருந்திருந்தால் தலையிலிருந்து கால் வரை சந்தனம் பூசினாலும் ஈரத்துணியால் துடைத்து ஓட்டியிருக்கலாம்.

"சரி, மாட்டிக்கிச்சு. அப்பால நீ இன்னா செஞ்ச?"

பிரபு தரையைப் பார்த்தான்.

"ஊதினேன்கா."

"எங்க?"

"சிடி போற வாயில."

"எதுக்குடா?"

"சின்ன வயசுலேர்ந்து கேசட்ட ஊதித்தானக்கா போடுவோம். கை பழக்கம்."

கை பழக்கமா, வாய் பழக்கமா! சிடியை உள்ளே இழுக்கும் உருளையில் ஒட்டியிருந்த குங்குமத்தை எல்லாம் ஊதி ஊதி, வெளிச்சம் அடிக்கிற லென்ஸ் மேல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறான். கேம் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். அம்மாவைத் திட்டிக்கொண்டு வந்தானே, அவனை யார் திட்டுவது? நான் திட்டினேன். நன்றாகவே திட்டினேன்.

3. வெள்ளி ஸ்டிக்கர்

சிடியை எடுப்பது பெரிய வேலை இல்லை. அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு ஓட்டைக்குள் திருகாணி இருக்கும். மெல்லத் திருப்பினால் சிடி தானாக நாக்கு நீட்டிக்கொண்டு வெளியே வரும். வந்தது, பொட்டு வைத்த நெற்றி வியர்த்த மாதிரி சிவப்புக் கோடுகளோடு. வட்டமாகத் துடைக்கக் கூடாது, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும். துடைத்தேன். பெட்டியில் போட்டேன். படிக்கவில்லை. லென்ஸைத் துடைக்காமல் நடக்காது, லென்ஸைத் துடைக்கப் பெட்டியைப் பிரிக்க வேண்டும்.

பெட்டியைப் பிரிக்கும் திருகாணி மேல் கை வைத்தேன். பிரபு பாய்ந்து என் கையைப் பிடித்துவிட்டான்.

"அக்கா, வேணாம்! ஸ்டிக்கர் கீது!"

திருகாணியை மூடி ஒரு வெள்ளி ஸ்டிக்கர். அது கடையில் விற்கிற பெட்டி இல்லை. கேம் செய்கிற வெளிநாட்டுக் கம்பெனி, சோதனை பண்ணுவதற்காக இவன் ஆபீசுக்கு இரவல் கொடுத்தது. லீவு நாளிலும் வேலை முடியட்டும் என்று மேனேஜர் இவனை நம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார். சிடி போனால் இன்னொன்று எழுதிக்கொள்வார்கள். ஸ்டிக்கர் கிழிந்தால், பெட்டி யார் கையில் இருந்ததோ அவனுக்கு வேலை இல்லை. முதலிலேயே சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். லீவு முடிந்து அடுத்த நாள் பெட்டியைத் திருப்பித் தர வேண்டும்.

"அப்ப ஓடாத பெட்டியையா கொண்டுபோய்க் குடுப்ப?"

"தானா நின்னுபோச்சுன்னு சொல்லிடறேன்."

"பொய் சொல்லுவியாடா?" என்றார் சரோஜா அக்கா. "நான் வரேன் உங்க ஆபீசுக்கு. நான்தான் வெச்சேன்னு சொல்றேன்."

"நீ வந்து இன்னா சொல்லுவ? சிடிக்குக் குங்குமம் வெச்சேன்னு சொல்லுவியா? ஆபீஸே சிரிக்கும்மா! இன்னா வேலைன்னு தெரியுமா உனக்கு? தெரியாம எதுக்குத் தொடற?"

அந்த அம்மாள் முகம் சுருங்கிப்போனது. புருஷன் போன பிறகு தையல் தைத்து இவனைப் படிக்கவைத்தவர். எனக்கு அவன் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போல வந்தது. வாய் திறந்து ஏதோ சொல்லத் தொடங்கினேன், அதற்குள் 'சர்ர்' என்று சத்தம். திரும்பிப் பார்த்தால், சரோஜா அக்கா கட்டைவிரல் நகத்தால் ஸ்டிக்கரை உரித்துக் கையில் வைத்திருக்கிறார்.

"இப்ப பொய் சொல்ல முடியாது இல்ல? கௌதமி, நீ பிரிம்மா."

பிரபு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். ஐயோ, அவனைப் பார்க்கச் சகிக்கவில்லை. இரண்டு பேரையும் சேர்த்து ஒரு சத்தம் போட்டுவிட்டுப் பெட்டியைப் பிரித்தேன். வேறு என்ன செய்ய?

லென்ஸ் நெற்றிக்கண் மாதிரி சிவந்திருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, அழுத்தாமல், நாலைந்து பஞ்சு மாற்றி மாற்றித் துடைத்தேன். உருளையைத் துடைத்தேன். மூடி, சிடியைப் போட்டேன். கொஞ்ச நேரம் முனகியது. பிறகு கடை டிவியில் படம் வந்தது.

பிரபு எழுந்து வந்து ரிமோட்டை வாங்கினான். திரையில் ஒரு ஆளைச் சுவரோரமாக ஓடவிட்டு, முட்டவைத்து, ஒரு அடி தள்ளி மறுபடி முட்டவைத்தான். சரோஜா அக்கா இதற்கு முன் அதைப் பார்த்ததே இல்லையாம். வீட்டில் இவன் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடுவான்.

"இன்னாத்துக்குடா செவுத்துல போய் முட்டிக்கிற?"

"எந்தச் செவுரு சரியா இல்லைன்னு பாக்கணும்மா. சரியா இல்லன்னா ஆளு உள்ள பூந்து கீழ விழுந்துடுவான். அதைக் கண்டுபிடிச்சி சொல்லணும்."

"நாள் பூராவா முட்டுவ?"

"நாள் பூரா."

அந்த அம்மாள் அவன் விட்ட ஸ்டூலை டிவி பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்கப்பாவும் இதத்தான் பண்ணாரு. மைன்ஸ்ல கேஜ் லிப்ட்ல எறங்கி அடி லெவலுக்குப் போனதும் மொதல்ல கம்பியால மேல தட்டித் தட்டிப் பாப்பாரு, எந்தக் கல்லு விழப்போகுதுன்னு. அவரு பாத்து சொன்ன பின்னாடிதான் மத்தவங்க உள்ள போவாங்க."

பிரபு ரிமோட்டைக் கீழே வைத்தான். கடை வாசலில் நின்று மேனேஜருக்குப் போன் போட்டான். அவன் கன்னடத்தில் பேசியது எனக்கு எல்லாம் கேட்டது. "எங்கம்மா பூஜையில வெச்சாங்க சார்... ஆமா சார், குங்குமம்... ஸ்டிக்கர் நான்தான் சார் கிழிச்சேன்."

சரோஜா அக்கா ஒரே தாவலில் போய்ப் போனைப் பிடுங்கினார். "பொய் சொல்றான் சார்!" என்று தமிழில் ஆரம்பித்து, அந்தப் பக்கம் கன்னடம் என்று நினைவு வந்ததும் கன்னடத்துக்கு மாறி, "தப்பு நந்தே சார், தப்பு நந்தே" என்றார். தப்பு என்னுடையதுதான் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த மேனேஜர் சிரித்தாரா, திட்டினாரா, எனக்குத் தெரியாது. அந்த அம்மாள் போனை முந்தானையில் துடைத்துப் பிரபுவிடம் திருப்பிக் கொடுத்தார்.

உண்மையைச் சொன்னதாலோ என்னவோ, வேலை போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவனுக்கு ஒரு பெட்டியும் வீட்டுக்குக் கொடுப்பதில்லை. லீவு நாளில் வேலை இருந்தால் ஆபீசுக்கே போக வேண்டும்.

அடுத்த ஆயுத பூஜை அன்று காலையில் சரோஜா அக்கா தனியாகக் கடைக்கு வந்தார். கையில் குங்குமச் சிமிழ். மேஜை மேலிருந்த பெட்டிகளை அவசரமாகத் துணியால் மூடினேன்.

"மறுபடியும் எதுக்கு வெச்சீங்க?"

"எந்தப் பெட்டிக்கும் வெக்கல. அவன் ஆபீசுக்குப் பூட்டான். தையல் மிஷினுக்கு வெச்சிட்டேன். அவன் சாமான் ஒண்ணுமே வீட்ல இல்லையே கௌதமி, எதுக்கு வெக்கிறது?"

"டிபன் பாக்ஸுக்கு வைங்கக்கா," என்றேன், எரிச்சலில்.

"அதையும் எடுத்துக்கினு பூட்டானே."

சிமிழை வாங்கி மேஜை மேல் வைத்துவிட்டு அவருக்கு டீ சொன்னேன். 

அன்றிலிருந்து பெங்களூரில் வேலை பார்க்கிற எந்தப் பிள்ளை கடைக்கு வந்தாலும் பிடித்துவைத்துச் சொல்கிறேன், சலித்துக்கொள்கிறார்கள், பரவாயில்லை. வேலைச் சாமானை வீட்டுக்குக் கொண்டுவந்தால் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். வீட்டிலிருப்பவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து இது என்ன, இதை வைத்து நான் என்ன செய்கிறேன் என்று காட்டுங்கள். எந்தப் பக்கம் தொடக்கூடாது என்று சொல்லுங்கள். பொட்டு வைக்க ஒரு இடத்தையும் காட்டிக் கொடுங்கள்.