பாப்பா தூங்குகிறாள்

கல்யாணமான புதிதில் எங்கள் இருவருக்கும் வாய் ஓயாது. முடிச்சூரில் மாடி வீட்டுக்குக் குடிவந்த சில நாட்களிலேயே, கீழ் வீட்டில் இருக்கும் ஓனர் அக்கா கேட்டுவிட்டார். "இன்னாம்மா, எந்நேரமும் பேசிகினே கீறீங்க. வாய் வலிக்காது?" எனக்குக் காட்டாங்குளத்தூர் கல்லூரி ஒன்றில் அலுவலக வேலை. அவருக்கு நாவலூரில் ஐடி. அன்றன்று நடந்ததை ஒருவரிடம் ஒருவர் கொட்டாவிட்டால் சோறு இறங்காது. எழுதும்போதுதான் 'அவர்'. வீட்டில் 'டா' போட்டுத்தான் கூப்பிடுவேன்.

பிறகு பாப்பா வந்தாள். அவளுக்குக் கோழித் தூக்கம். ஸ்பூன் கீழே விழுந்தால் முழித்துக்கொள்வாள். குக்கர் விசில் அடித்தால் வீடே இரண்டாகிவிடும். இருப்பது ஒரே படுக்கையறை. வேறு வழியில்லாமல் சைகைக்கு மாறினோம். கட்டைவிரலை வாயருகே காட்டினால் பால். கையைத் திருகினால் தண்ணீர் மோட்டாரை நிறுத்து. நெற்றியில் இரண்டு விரல் வைத்தால் தலைவலி, கிட்டே வராதே. உள்ளங்கையால் காற்றைத் தட்டினால், அப்புறம் பேசலாம்.

முதலில் சிரிப்பாக இருந்தது. போகப்போக வசதியாகிவிட்டது. ஆபீசில் எதையோ வாங்கிக் கட்டிக்கொண்ட முகத்தோடு வந்து நிற்பார். நான் புருவத்தை உயர்த்துவேன். அவர் காற்றைத் தட்டுவார். எனக்கும் கேட்கத் தெம்பு இருக்காது. பாப்பா விழித்திருக்கும்போதும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது. சைகைக்கு அடங்காததை வாட்ஸப்பில் எழுதினோம்: டயாபர், தயிர், தடுப்பூசி.

இரண்டு வயது தாண்டியும் பாப்பா பேசவில்லை. 'ம்மா' கூட இல்லை. சர்ச்சில் ஒருவர் பாக்கியில்லாமல் விசாரித்தார்கள். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று ஒரு அம்மாள் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். வெடுக்கென்று எதையாவது சொல்லிவிடலாமா என்றிருந்தது எனக்கு. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். ரயிலில் எதிர் சீட்டுக் குழந்தை பிஸ்கெட் கேட்டால் நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வேன். போனில் தேடுவேன், பாதி படித்ததும் பயந்து மூடிவிடுவேன். அவரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு நடுக்கம்.

கடைசியில் தாம்பரத்தில் குழந்தைகள் டாக்டரிடம் போனோம். காதைப் பரிசோதித்தார்கள். காது நன்றாகவே கேட்டது. டாக்டரம்மா ஒரு பொம்மையை நீட்டி, "வேணுமா?" என்றார். பாப்பா உள்ளங்கையால் காற்றைத் தட்டினாள்.

"இது என்ன?" என்று டாக்டர் எங்களைப் பார்த்தார். என் கணவர் தலை குனிந்துகொண்டார்.

"வீட்ல நீங்க ரெண்டு பேரும் பேசிப்பீங்களா?"

"பேசுவோம் மேடம்" என்றோம், ஒரே குரலில்.

"இதுதான் காரணம்னு நான் சொல்ல வரல. தெரபிக்கு எழுதித் தரேன். ஆனா வீட்ல வாயத் தெறந்து பேசுங்க. அவகிட்டயும், உங்களுக்குள்ளயும்."

அடுத்த ஞாயிறு மத்தியானம் ஆரம்பித்தோம். "நான் வெங்காயம் நறுக்குறேன்" என்றேன் சத்தமாக. "நான் துணி மடிக்கிறேன்" என்றார் அவர். கிரிக்கெட் வர்ணனை மாதிரி இருந்தது. "இது பாப்பாவோட சட்ட" என்றார். அதோடு சரக்குத் தீர்ந்துவிட்டது. ஒரு காலத்தில் ஓனர் அக்காவையே அசரவைத்த ஜோடி நாங்கள். பாப்பா தரையில் டப்பா மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவளப் பத்தி என்னடா நெனைக்கிற?" என்று கேட்டேன். அவர் காற்றைத் தட்டினார்.

எனக்கு வந்ததே ஒரு கோபம். "கைய எறக்கு. வாயத் தெறந்து சொல்லு."

"என்ன சொல்லச் சொல்ற? பயமா இருக்குடி. அவ பேசவே மாட்டாளோன்னு தெனமும் ஆபீஸ் கார்ல அழுதுகிட்டே வரேன்."

"அத ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ நெத்தியில ரெண்டு விரல வச்சுகிட்டுத் திரியுற. எப்ப சொல்றது?"

அவ்வளவுதான். அடக்கி வைத்ததெல்லாம், மோட்டாரை நிறுத்த மறந்தது வரைக்கும், மடை திறந்துகொண்டது. அவர் கத்த, நான் கத்த, கீழே ஓனர் அக்கா டிவியை நிறுத்தியிருப்பார். பாப்பா எழுந்து வந்து காற்றைத் தட்டினாள். நாங்கள் கண்டுகொள்ளவில்லை. என் நைட்டியைப் பிடித்து இழுத்தாள். மறுபடி தட்டினாள். நாங்கள் நிறுத்தவில்லை.

"போதும்."

சின்னக் குரல், கொஞ்சம் கரகரப்பு. வீடு அடங்கியது. கேட்டதா என்று அவரிடம் கேட்க என் கை தானாக மேலே எழுந்தது. இறக்கிக்கொண்டேன். பாப்பா டப்பா மூடிகளிடம் திரும்பிப் போகத் தொடங்கினாள். எங்கள் பிரமையாக இருந்தால் என்ன செய்வது?

"அப்ப அந்த மோட்டார் விஷயம்..." என்று ஆரம்பித்தார் அவர்.

"ஆமா, அதுக்கு என்ன இப்ப?" என்று நானும் கத்தினேன்.

எதற்குச் சண்டை என்பது இருவருக்குமே மறந்துபோயிருந்தது. அவள் இன்னொரு தடவை சொல்லட்டும் என்று, கண்ணைத் துடைத்துக்கொண்டே சண்டை போட்டோம்.