ஆலிவ் நோய்ப் பிரிவின் தொகுப்பாளர்

ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் லரூஸியைத் தெரிந்தவர்கள் அவரைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். மனிதர் அப்படி. வாயைத் திறந்தால் திருத்துவார். "நேத்து நல்ல மழை" என்று சொன்னால், "மழையா அது? தூறல்" என்பார். இப்படிப்பட்ட ஆளோடு யார் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள், சொல்லுங்கள்?

பயிர்ப் பாதுகாப்பு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. ஒரே மகள் சிஹெம் பிரான்சுக்குப் படிக்கப் போனவள், அப்பா பார்த்து வைத்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அங்கேயே ஓர் அல்ஜீரியாக்காரனைக் கட்டிக்கொண்டாள். "எனக்கு மகளே கிடையாது" என்று இவர் போனில் கத்திவிட்டு வைத்தார். வைத்தது வைத்ததுதான். பிறகு அவரும் எடுக்கவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

அந்தத் திருத்தும் புத்திக்கு மரியாதை கிடைத்த இடம் உலகத்தில் ஒன்றே ஒன்று: மொன்ஜியா என்ற விதவை நடத்திய இணையக் கடையின் மூலைக் கணினி. அந்தக் காலத்தில் தேடுபொறியில் ஆலிவ் நோய் என்று போட்டால் குப்பைதான் வந்து கொட்டும். சர்வரோக நிவாரணித் தூள் விற்பவன் ஒருவன், பட்ட மரம் துளிர்க்கும் என்று புளுகுபவன் இன்னொருவன். அதனால் பல நாட்டு ஆட்கள் சம்பளம் வாங்காமல் சேர்ந்து ஓர் இணைய அடைவு நடத்தினார்கள். ஒவ்வொரு தளத்தையும் ஒரு மனிதன் முழுக்கப் படித்துப் பார்த்து, சரியாக இருந்தால்தான் அதில் சேர்ப்பான். ஆளுக்கொரு பிரிவு. ஆலிவ் நோய்ப் பிரிவு லரூஸியுடையது. ஆராய்ச்சி மாணவர்கள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள். பார்த்துச் சேர்ப்பவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. அவர் அங்கே புனைபெயரில் இருந்தார்.

"ஸீ லரூஸி, இன்னைக்கு யார் கழுத்த அறுத்தீங்க?" என்று மொன்ஜியா தினமும் கேட்பாள். 'ஸீ' என்றால் அந்த ஊரில் 'ஐயா'.

"எவனும் தேறல."

"உங்க கிட்ட மாட்டினா வானத்துலேர்ந்து எறங்கினவரே தேறமாட்டாரு."

ஒரு நாள் புதிதாக ஒரு தளம் விண்ணப்பத்தில் வந்தது. இலையில் வரும் மயில்கண் நோயைப் பற்றியது. படிக்கப் படிக்க மனிதருக்கு வாயெல்லாம் பல். ஒவ்வொரு தகவலுக்கும் ஆதாரம் காட்டியிருந்தது. தெரியாத இடத்தில் 'இது இன்னும் நிரூபிக்கப்படவில்லை' என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தது. "யாருடா இவன், நம்ம ஆளு!" என்று கணினியிடமே சொன்னார். கடைசிப் பக்கத்தைத் திறந்தார். சிஹெமின் படம். கீழே ஒரு வரி: 'மொபெட்டில் முன்னால் உட்காரவைத்துத் தோப்புக்குக் கூட்டிப் போய், எந்த இலையையும் திருப்பிப் பார்க்காமல் நம்பாதே என்று சொன்ன, என் மறைந்த தந்தைக்கு.'

அவர் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மொன்ஜியா வந்து எட்டிப் பார்த்தாள்.

"யா ரப்பி! இதுல நீங்க செத்துட்டீங்க!"

"படிச்சேன்."

"நீங்கதான மொதல்ல அவள இல்லன்னீங்க? அவ உங்கள இல்லன்னுட்டா. சரிக்குச் சரி. இந்தாங்க, கடை போன்லயே பேசுங்க."

"நம்பர் தெரியாது."

"பக்கத்துக்குக் கீழயே போட்டிருக்கா. கண்ணு அவிஞ்சா போச்சு?"

அவர் போனைத் தொடவில்லை. "சொந்தக்காரங்க தளம் வந்தா, சொல்லிட்டு வேற ஆள்கிட்ட விடணும். அதான் விதி. என் மகள்னு எழுதணும். அங்க அப்பன் செத்துட்டான்னு இருக்கு. எந்தச் செத்தவன் வந்து எழுதுவான்?" என்றார்.

அப்போதாவது போனை எடுத்திருக்கலாம். எடுப்பாரா? வீம்பு பிடித்த மனிதர். விசைப்பலகையை இழுத்துத் தட்டினார்: 'கடைசிப் பக்கத்தில் ஒரு தகவல் பிழை. குறிப்பிடப்பட்ட மனிதர் உயிரோடு இருக்கிறார். திருத்தி அனுப்பவும்.'

"இது அப்பன் எழுதற எழுத்தா? தண்ணி பில்லு கட்டலன்னு ஆபீஸ்காரன் ஒட்டற நோட்டீஸ் மாதிரி இருக்கு!" மொன்ஜியா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அவளுக்குப் புரியும்."

"புரியும். அதுதான் எனக்கு பயமா இருக்கு."

ஆனால் அவருக்கு பயமில்லை. சந்தோஷம். வீட்டில் துண்டிக்கப்பட்டுக் கிடந்த தொலைபேசி இணைப்பை அதே பழைய எண்ணில் மறுபடி வாங்கினார். சந்தையில் மீன் வாங்கும்போது, யாரும் கேட்காமலே, "மக கூப்பிடுவா, சீக்கிரம் போகணும்" என்றார். அடுப்பில் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "அந்த அல்ஜீரியாக்காரன் உன்ன நல்லா வச்சிருக்கானா?" என்று சுவரிடம் பேசிப் பார்த்தார். முதல் முறை குரல் கறாராக வந்தது. இன்னும் மெதுவாக, இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். தொலைபேசி அடிக்கவே இல்லை.

ஒரு வாரம் கழித்துத் தளம் திரும்பி வந்தது. கூடவே ஒரு குறிப்பு: 'பிழையை நீக்கிவிட்டேன். பரிசீலிக்கவும். நன்றி.'

கடைசிப் பக்கத்தைத் திறந்தார். 'மறைந்த' என்ற சொல் இல்லை. மொபெட் இல்லை, தோப்பு இல்லை, தந்தையும் இல்லை. அந்த வரியே இல்லை. படத்துக்குக் கீழே நேராகத் தொலைபேசி எண் இருந்தது. பொய்யோ மெய்யோ, அந்த ஒரு வரியில்தான் மகள் அவரை ஆசையாக வைத்திருந்தாள். அதைத்தான் மனிதர் பிழை என்று வெட்டச் சொல்லியிருந்தார்.

மற்ற பக்கங்களையும் ஒழுங்காகப் படித்து முடித்தார். சொந்தம் என்று சொல்ல இப்போது அதில் எதுவும் இல்லை, அதனால் வேறு ஆளிடம் விடவில்லை. 'மயில்கண் நோய் பற்றிய ஆதாரங்களுடன் கூடிய தகவல்கள்' என்று, விதிப்படி புகழ்ச்சி இல்லாமல், விவரம் எழுதித் தளத்தைப் பிரிவில் சேர்த்தார்.

"தப்பத் திருத்திட்டாளா ஸீ லரூஸி?" என்று கல்லாவிலிருந்து கேட்டாள் மொன்ஜியா.

"திருத்திட்டா. இப்ப அதுல ஒரு தப்பும் இல்ல. செத்தவனா இருந்தப்ப ஒரு ஓரத்துலயாவது இருந்தேன், மொன்ஜியா."