வலது தோள் அரை அங்குலம்

என் வலைப்பதிவை நான் எழுதுவதில்லை, சொல்லுவேன். போனை வாய்க்குக் கிட்டப் பிடித்துக் கதைத்தால் அது எழுத்தாக்கித் தரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவனுக்கு இதைவிட நல்ல எழுதுவினைஞர் எங்கே கிடைப்பார்? யாராவது பிழை பிடித்தால் போனைக் காட்டிவிட்டு நான் தப்பிவிடலாம்.

பகலில் தேற்றாத்தீவுச் சந்தியில் ஆட்டோ ஓட்டுவேன். பொழுது சாய்ந்தால் தையல். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் சந்தியில் சிரிப்பார்கள் என்பதால் ஒருவருக்கும் சொன்னதில்லை. தையல் மெசின் என் பெண்சாதியுடையது. வீடும் அவளுடையதுதான். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்தான் பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பான். அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் நாலு வருடமாகிறது. பிள்ளை இல்லை. ஆக, பெண்சாதியின் வீட்டில் பெண்சாதி இல்லாமல் குடியிருக்கும் மாப்பிள்ளை நான். பக்கத்து வளவில் அவளின் சொந்தக்காரர்கள். என்னைக் கண்டால் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார்கள். "ஓம்" என்று சொன்னதும் நிம்மதியாக உள்ளே போய்விடுவார்கள்.

அவள் போகும்போது ஒரு பழைய சாறிச் சட்டையை விட்டுப் போனாள். தைக்கக் கொடுக்கும்போது பெண்கள் பழைய சட்டை ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பார்களே, அந்த அளவுச் சட்டை. அதைப் பிரித்துப் பார்த்துத்தான் நான் தைக்கப் பழகினேன். முதலில் தைத்தது கை நுழையாத சட்டை. இரண்டாவதில் கை நுழைந்தது, தலை நுழையவில்லை. மூன்றாவதைத் தலையணைக்குப் போட்டுப் பார்த்தேன், தலையணை ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் துணிச்சலில் படம் எடுத்து வலைப்பதிவில் போட்டேன். படத்தில் என் கையும் துணியும் மட்டும்தான் தெரியும். என் மூஞ்சியைப் போட்டால் துணி விற்கிறவர்கள் வழக்குப் போடுவார்கள்.

என் கை மெல்லிய கை. தோணி வலிக்க ஆகாத கை என்று என் மாமனார் கலியாணத்தன்றே சொல்லிவிட்டார். அந்தக் கையைப் பார்த்துத்தான் முதல் வாசகி இப்படி எழுதினாள்: "அக்கா, கழுத்து வெட்டினது நல்லா விளங்கிச்சு."

அது என் பதிவுக்கு வந்த முதல் பதில். நான் அக்கா இல்லை என்று சொல்லத்தான் போனை வாய்க்குக் கொண்டுபோனேன். சொன்னால் இதுவே கடைசிப் பதிலாகவும் ஆகிவிடுமோ என்று பயந்தேன். "சந்தோசம் தங்கச்சி" என்று மட்டும் சொன்னேன். போன் அதைப் பிழையில்லாமல் எழுதிவிட்டது. சில நேரம் அதுவும் என்னைக் கைவிட்டுவிடும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பதிவுக்கும் அவள் எழுதினாள். உன்னிச்சையில் இருக்கிறாள், புருசன் வயல் செய்கிறான், கைப்பிள்ளை ஒன்று. முதலில் தையல் கேட்டாள். பிறகு மாமி ஏசினது, பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நாளில் சட்டை நனைகிறது, இடுப்பு வலி, எல்லாம் எழுதினாள். எழுத்துக்கூட்ட எனக்கு நேரமெடுக்கும் என்பதால் போனையே வாசிக்க விடுவேன். அது ஒரு பெண் குரலில், செய்தி வாசிப்பது மாதிரி வாசிக்கும். அந்த வீட்டில் பின்னேரங்களில் கேட்ட பெண் குரல் அது ஒன்றுதான்.

அப்படியிருக்கத்தான் வலைப்பதிவர் மாநாடு வந்தது. வந்தாறுமூலைக் கெம்பஸில் படிக்கும் பிள்ளைகள் சேர்ந்து, மட்டக்களப்பு டவுனில் வாவியோரம் ஒரு மண்டபத்தில் வைத்தார்கள். எனக்கும் அழைப்பு வந்தது. நான் போவதாக இல்லை. அவள் எழுதினாள்: "அக்கா, நானும் வாறன். உங்களப் பாக்கத்தான் வாறன். நீங்க தச்சுக் காட்டின மாதிரியே ஒரு சட்டை தச்சிரிக்கன், போட்டுட்டு வாறன்."

இதற்குப் பிறகும் போகாமல் இருந்தால் நான் மனிசனில்லை. போனாலோ அக்கா இல்லை. இரண்டு இரவு மெசின் மிதிக்காமல் யோசித்தேன். நேரில் நின்று உண்மையைச் சொல்வது, அவள் சிரித்தால் என் பதிவுக்கு வாசகி இருப்பாள், ஏசினால் போனும் நானும் மட்டும் இருப்போம். இதுதான் கணக்கு. ஒரு ஆளைப் பார்க்கப் போகும்போது கையை வீசிக்கொண்டு போகக் கூடாதென்று ஒரு சட்டி எருமைத் தயிரும் வாங்கினேன். எருமைப் பட்டி நிறைந்த உன்னிச்சையில் இருக்கிறவளுக்கு எருமைத் தயிர்! வாவிக்குத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவதுபோல என்று எனக்குப் பாதி வழியில்தான் உறைத்தது.

நானே தைத்த சேர்ட்டைப் போட்டு, என் ஆட்டோவிலேயே போனேன். வாசல் மேசையில் ஒரு பெண்பிள்ளை பெயர் அட்டைகளை அடுக்கி வைத்திருந்தாள். என் வலைப்பதிவின் பெயரைச் சொன்னேன். அட்டையை எடுத்தாள். பெயருக்கு மேலே 'திருமதி' என்று அச்சடித்திருந்தது. அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் பின்னால் நின்ற ஆட்டோவைப் பார்த்தாள்.

"மெடம் எங்க அண்ணன்? இறங்கல்லியா?"

"மெடம்..."

"வந்ததும் உள்ளுக்கு வரச் சொல்லுங்க. ஆட்டோவ அந்த மரத்துக்குக் கீழ விடுங்க, இது கார் நிக்கிற இடம்."

இந்த இடத்தில் வேறு எவனாக இருந்தாலும் நான்தான் அந்த மெடம் என்று சொல்லியிருப்பான். நான் "ஓம் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு ஆட்டோவை மரத்துக்குக் கீழே விட்டேன். விட்டது மட்டுமில்லை, அதற்குள்ளேயே ஏறியும் உட்கார்ந்துகொண்டேன். சொன்னதைச் செய்கிற குணம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் வராமல் அங்கேதான் வந்தது.

மாநாடு முழுவதையும் ஒலிபெருக்கியில் கேட்டேன். சமையல் எழுதுகிறவர் பேசினார், பயணம் எழுதுகிறவர் பேசினார். கைதட்டினார்கள். நானும் ஸ்டியரிங்கில் மெதுவாகத் தட்டினேன். பக்கத்தில் நின்ற வேன் சாரதி என்னைப் பார்த்து, "என்ன, உள்ளுக்கு உங்கட சொந்தக்காரரா?" என்று கேட்டான்.

"ஓம். கொஞ்சம் நெருங்கின சொந்தம்" என்றேன்.

சான்றிதழ் கொடுக்கிற நேரம் வந்தது. என் பதிவின் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார்கள். "வந்திரிந்தா மேடைக்கு வாங்க மெடம்." நான் ஒரு காலைக் கீழே வைத்தேன். உள்ளே எல்லாத் தலையும் வாசலைத் திரும்பிப் பார்த்திருக்கும். அதில் ஒரு தலை உன்னிச்சைத் தலை. காலைத் திரும்ப உள்ளே எடுத்தேன். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

கூட்டம் கலைந்தபோது சாறி உடுத்த ஒரு பெண் போனில் கதைத்தபடி என் ஆட்டோவுக்குக் கிட்ட வந்தாள்.

"ஹயர் போவீங்களா அண்ணன்? வலையிறவுப் பாலத்தால வவுணதீவுச் சந்திக்கு. டவுன் பஸ்ஸ விட்டுட்டன், அங்க மத்த பஸ் பிடிக்கணும்."

"ஏறுங்க."

ஏறியும் போன் கதை முடியவில்லை. "இல்ல கா, அவ வரல்ல. தையல் அக்காதான்... பேர் கூப்பிட்டாங்க, ஆளக் காணல்ல. நான் அவவுக்காகத்தானே புள்ளையையும் மாமியிட விட்டுட்டு வந்த... ஓம் கா, சுகமில்லையோ என்னமோ."

ஆட்டோவை ஸ்டார்ட் பண்ண நான் மூன்று தரம் இழுக்க வேண்டியிருந்தது. வண்டியில் ஒரு பிழையும் இல்லை.

பாலத்தில் ஏறியபோது வாவிக் காற்று பலமாக அடித்தது. கீழே ஒருவன் தோணியில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தான். பின்னால் வருகிற வாகனத்தைப் பார்க்கக் கண்ணாடியைப் பார்த்தேன், அவளின் வலது கைதான் தெரிந்தது. அது நிமிடத்துக்கொரு தரம் வலது தோளுக்குப் போய்ச் சட்டையை இழுத்துவிட்டது. தோள் முனையில் துணி இழுபட்டு, கழுத்தடியில் கிளம்பி நின்றது. கையோரத்தில் நான் சொல்லிக்கொடுத்த கரை, நான் சொல்லிக்கொடுத்த மடிப்பு. தோளும் நான் சொல்லிக்கொடுத்ததுதான்: 'வலது தோளை அரை அங்குலம் தாழ்த்தி வெட்டவும்.'

அப்போதுதான் விளங்கியது. என் பெண்சாதி கலியாணத்துக்கு முன்னும் பின்னும் குழாயடியிலிருந்து வலது கையாலே தண்ணீர்க் கான் தூக்கியவள். வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். தைத்தவர் அதைப் பார்த்து அந்தத் தோளைத் தாழ்த்தி வெட்டியிருக்கிறார். நானோ ஒரே ஒரு சட்டையைப் பார்த்துவிட்டு, உலகத்துப் பெண்களுக்கெல்லாம் வலது தோள் அப்படித்தான் என்று பாடம் நடத்தியிருக்கிறேன்.

வாய் என்னைக் கேட்காமல் திறந்தது. "அந்தத் தோள் இழுக்குதா தங்கச்சி?"

அவள் சாறியை இழுத்துப் போர்த்தாள். "என்ன அண்ணன், ரோட்டப் பாத்து ஓட்டுங்க!"

"இல்ல, சட்டையச் சொன்ன. வெட்டினதுல பிழை."

"பிழை ஒண்டுமில்ல. என்ட தோள்தான் கோணல்." அவள் குரலில் கோபம் போய்ச் சலிப்பு வந்தது. "தச்ச எல்லாச் சட்டையும் இப்பிடித்தான். தங்கச்சிக்கும் தச்சுக் குடுத்த, அவளுக்கும் இழுக்குது. எங்கட குடும்பமே கோணல் எண்டு நெனச்சி, கண்ணாடிக்கு முன்னால நிமிந்து நிண்டு பழகுறன். மாமி பாத்துட்டு, என்ன கா, பட்டாளத்துக்குப் போகப் போறியா எண்டு கேக்கா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பாலம் முடிகிற இடத்தில் ஆட்டோவை ஓரமாக நிறுத்தினேன். திரும்பாமலேயே சொன்னேன்.

"உங்கட தோள்ல ஒண்டும் இல்ல. தாழ்த்தி வெட்டச் சொன்னது நான்தான்."

"நீங்களா? நீங்க... அக்காட புருசனா?"

"அக்காவே நான்தான்."

நான் பெயர் அட்டையைச் சேர்ட் பையிலிருந்து எடுத்துப் பின்னால் நீட்டினேன். வாசலில் அந்தப் பிள்ளை மெடத்திடம் கொடுக்கச் சொல்லித் தந்தது.

"அப்ப நான் எழுதினதெல்லாம்?" அவள் குரல் இறங்கிவிட்டது. "புள்ளைக்குப் பால் குடுக்கிறது... இடுப்பு... அதெல்லாம் நீங்களா வாசிச்ச?"

"நான் வாசிக்கல்ல. எனக்கு அவ்வளவுக்கு வாசிக்கத் தெரியா. போன் வாசிக்கும்."

"சத்தமாவா?"

"சின்னச் சத்தமா."

"ஐயோ கடவுளே!" என்று சாறித் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. தோள் குலுங்கியது. அந்தக் குலுக்கலிலும் வலது பக்கம் இழுத்தது.

முகத்தைத் திறந்தபோது கண் சிவந்திருந்தது. "அப்ப அந்த அரை இஞ்சு ஆர்ட?"

"என்ட பொஞ்சாதிட."

"அவ எங்க?"

"குவைத்துல."

ஆட்டோவைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணினேன். சந்தியில் இறக்கிவிட்டேன். தயிர்ச் சட்டியை நீட்டினேன். அதைப் பார்த்துவிட்டு, "எங்கட வீட்டுல எருமை நிக்கி அண்ணன்" என்றாள். பஸ் வந்தது. ஏறும்போதும் கை தோளுக்குப் போனது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தயிர்ச் சட்டியோடு சந்தியில் நிற்கிற திருமதியைக் கண்டிருப்பாள்.

அந்தத் தயிரை நான் தனியாகத்தான் சாப்பிட்டேன். கடைசியில் நன்றாகப் புளித்துவிட்டது, ஆனாலும் விடவில்லை.

வலைப்பதிவில் திருத்தம் போட்டேன். 'இரண்டு தோளையும் ஒரே மாதிரி வெட்டவும். முந்திச் சொன்னது ஒரு ஆளின் அளவு. சொன்ன நான் ஒரு ஆண். இரண்டுக்கும் மன்னிக்கவும்.' பல நாள் ஒரு பதிலும் இல்லை. பிறகு ஒரு பின்னேரம் போன் அந்தச் செய்திக் குரலில் வாசித்தது: "நன்றி அண்ணன். விளங்கியது. சட்டை சரியாக இருக்கிறது."

அவ்வளவுதான். மாமி இல்லை, பிள்ளை இல்லை, இடுப்பு வலி இல்லை. மரியாதையான பதில். திரும்ப ஒருதரம் வாசிக்க வைத்தேன். அதே அளவு மரியாதையோடு வாசித்தது. இப்போதும் பதிவு போட்டால் "நன்றி அண்ணன்" என்று வரும். நல்ல பிள்ளை. ஏசவில்லை, விட்டுப் போகவுமில்லை. அக்காவுக்குத்தான் அவள் எழுதுவதில்லை.

பெண்சாதி அழைத்தபோது கேட்டேன். "உன்ட ரெண்டு தோளையும் ஒருக்கா அளந்து சொல்லு."

"இதென்ன புதுக் கூத்து? இஞ்ச அளவு நாடாவுக்கு நான் எங்க போற?"

"நூலால எண்டாலும் அள. வலது தோள் இன்னும் இறங்கி இரிக்கா?"

"இஞ்ச ஆர் தண்ணி தூக்கிற? தொறந்தா வருது" என்று சிரித்தாள். "நான் வரக்குள்ள அளங்க."

"எப்ப வாறாய்?"

"பாப்பம். மெடம் கூப்பிடுறா, போன வெக்கன்."

அன்று ஒரு சட்டை வெட்டினேன், அவளுக்கு. அளவுச் சட்டையை விரித்து வைத்துச் சோக்கால் கோடு போட்டேன். வலது தோளுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. தாழ்த்தினால் பழைய ஆளுக்குச் சரி, தாழ்த்தாவிட்டால் புது ஆளுக்குச் சரி. கடைசியில் இரண்டு தோளிலும் தையலுக்கு உள்ளே ஒரு அங்குலத் துணியைக் கூடுதலாக மடித்து விட்டேன். எந்தத் தோளோடு வந்தாலும் பிரித்து இறக்கலாம், ஏற்றலாம். தலையணைக்குப் போட்டுப் பார்த்தேன். தோளில் கொஞ்சம் தடித்து நின்றது.

இந்தச் சட்டையை மட்டும் படம் எடுக்கவில்லை.