றெக்கைக்கு அடியில் சந்தனம்

என் ஹெலிகாப்டருக்கு வயிறுதான் அழகு. நிமிர்த்தி வைத்தால் கை நீளத்துக்கு ஒரு பொம்மை, அவ்வளவுதான். கவிழ்த்துப் பார்த்தால்தான் நான் பட்ட பாடு தெரியும். நடுவயிற்றில் நீளமாக வழிந்து காய்ந்த எண்ணெய்க் கறை, சக்கரங்களைச் சுற்றித் தெறித்த சேறு, திறந்த கதவோரத்தில் தொங்கும் ஒரு ஜோடி பூட்ஸின் அடிப்பாகம்.

இணையத்தில் தேடினால் எல்லாப் படமும் பக்கவாட்டில்தான் கிடைக்கிறது. எனக்கோ பக்கவாட்டு நினைவே இல்லை. நான் சிறுவனாக இருந்தபோது கடலூரில் வெள்ளம் வந்து, எங்கள் தெருவே பள்ளிக்கூட மொட்டைமாடியில் ஏறி நின்றது. அப்பா என்னைத் தோளில் வைத்திருந்தார். தலைக்கு மேலே வந்து நின்ற ஹெலிகாப்டர் உணவுப் பொட்டலங்களைப் போட்டது. நாங்கள் பார்த்தது அதன் அடிப்பாகத்தை மட்டும்தான். நான் செய்ய நினைத்ததும் அந்த அடிப்பாகத்தைத்தான். மற்றதெல்லாம் அது ரிமோட்டில் பறக்க வேண்டுமே என்பதற்காகச் சேர்த்தது.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில். அப்பா துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிறவர். வீட்டில் புத்தகப்பை மாட்டிய முதல் ஆள் நான். சிதம்பரத்தில் இயந்திரவியல் படித்துவிட்டு, கடலூரில் ஒரு ரசாயன ஆலையில் ஒப்பந்த வேலையில் சேர்ந்தேன். ஷிப்ட் முடிந்து வரும்போது சட்டையில் ஒரு நெடியும் கண்ணில் எரிச்சலும் கூடவே வரும். குளித்துவிட்டு உட்கார்ந்தால் ஒரு வரிசை ரிவெட் வைக்கலாம். சில நாள் அதுவும் முடியாது. ஊசியைப் பிடித்தபடியே கண் செருகிவிடும்.

ரிவெட் என்றால் நிஜ ஆணி இல்லை. வெள்ளைப் பசையை இன்சுலின் ஊசியில் ஏற்றி, பைபர் உடம்பின் மேல் கடுகைவிடச் சிறிய சொட்டுகளாக வைத்துக்கொண்டே போக வேண்டும். காய்ந்ததும் வண்ணம் அடித்தால் ஆணித்தலை மாதிரியே இருக்கும். அடிக்கடி ஊசி கேட்டுப் போனதில் மருந்துக் கடைக்காரர் ஒருநாள் குரலைத் தாழ்த்தி, "வீட்ல யாருக்குத் தம்பி சுகரு?" என்றார். "ஹெலிகாப்டருக்குண்ணே" என்றேன். அதன்பிறகு என் தலையைப் பார்த்ததுமே ஊசியை எடுத்து நீட்டிவிடுவார்.

நிஜத்துக்கு மூன்று றெக்கை. எனக்குக் கிடைத்த இயந்திரத்தில் இரண்டுதான் மாட்ட முடியும். அது மனதை உறுத்தியது. சுற்றும்போது யார் எண்ணப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

மாமா வரும்போதெல்லாம் ஒரு சீண்டல் இருக்கும். "என்னா மாப்ள, ஊர்ல எஞ்சினியருங்கல்லாம் கார் வாங்குறானுங்க, நீ காத்தாடி வுட்டுக்கினு இருக்க?" அம்மா அடுப்படியிலிருந்தே தன் தம்பிக்குப் பதில் சொல்வாள். "சோறு போட்ட காத்தாடிடா அது. வாய மூடு." அப்பா எந்தப் பக்கமும் பேசமாட்டார். எப்போதாவது பக்கத்தில் வந்து குந்தி, "பறக்குமா?" என்பார். "பறக்கும்ப்பா." அவ்வளவுதான். நாள் போகப்போக அந்தப் பதிலைச் சொல்ல எனக்கே கூச்சமாகிவிட்டது.

ஆலையில் ஒப்பந்தம் முடிந்தது. ஓசூரில் வேலை கிடைத்தது. ஆயுதபூஜை விடுமுறை கழிந்ததும் சேர வேண்டும். அங்கே பலரோடு ஒரே அறை. பெட்டி வைக்கவே இடமில்லை, இதை எங்கே வைப்பது? சிதம்பரத்தில் இருக்கும் கல்லூரி நண்பன் தன் வீட்டுப் பரணில் வைத்துக்கொள்வதாகச் சொன்னான். பரணில் ஏறியது எப்போது இறங்கும் என்று எனக்குத் தெரியும். மழைக்காலமும் தொடங்கிவிட்டது. எனக்கு இருந்தது விஜயதசமி ஒரு நாள்தான். அன்று பறக்காவிட்டால் அப்பாவிடம் இத்தனை காலம் சொன்ன "பறக்கும்" வெறும் வாய்ச்சொல்லாகவே நின்றுவிடும்.

பூஜைக்கு முன்பே றெக்கைகளைச் சமன் செய்து மாட்டிவிட்டேன். இரண்டையும் மாட்டுகிற முனையில் ஒன்றாகச் சேர்த்து ஒரு மெல்லிய கம்பியில் கோத்து, கம்பியை இரண்டு டம்ளர்களின் மேல் வைத்தால் தராசு மாதிரி ஆடும். எந்தப் பக்கம் மேலே போகிறதோ அது எடை குறைவு. அதில் துளித்துளியாக டேப் ஒட்டிச் சமமாக நிறுத்த வேண்டும். சுற்றும் வேகத்தில் ஒரு துளி எடை கூடினாலும் உடம்பு முழுக்க உதறும்.

"மூக்குல சந்தனம் வச்சிக்கோ. றெக்கையில மட்டும் கைய வெக்காத" என்று அம்மாவிடம் சொன்னேன்.

"வண்டிக்கு வெக்கிறோம், மிக்ஸிக்கு வெக்கிறோம். பறக்கப்போறதே அதாலதான், அதுக்கு வெக்கக் கூடாதா?"

"வெக்கக் கூடாதும்மா."

"சரிப்பா, சரி."

பூஜையில் வைத்ததை மறுநாள்தான் தொட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஸ்குரூடிரைவர்கூட கையில் கிடைக்காது. அதனால் எதையும் திரும்பச் சரிபார்க்க முடியவில்லை.

காலையில் அப்பா அதை ஒரு போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்தார். சந்தனமும் குங்குமமும் வைத்த மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு அம்மாள் மரியாதையாகக் காலை ஒடுக்கிக்கொண்டு, "என்னா சாமிங்க?" என்றார். "ஹெலிகாப்டரு" என்றார் அப்பா.

புவனகிரிக்கு அருகே நண்பனின் சொந்தக்காரர் ஒருவருக்குச் செங்கல் சூளை இருக்கிறது. மழைக்காலத்தில் வேலை நடக்காது, திடல் காலியாகக் கிடக்கும். மேகம் மூட்டமாக இருந்தது. நண்பன் எங்களுக்கு முன்பே வந்து நின்றான். அப்பாவைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு விசையை ஏற்றினேன்.

தரையை விட்டுச் சக்கரம் எழும்புவதற்குள் வால் உதறத் தொடங்கியது. உடம்பின் ஓரங்கள் மங்கலாகத் தெரியும் அளவுக்கு நடுக்கம்.

"எறக்கு மச்சான், எறக்கு! வாலு ஒடஞ்சிரும்!"

இறக்கினேன். ஒவ்வொரு திருகாகப் பார்த்தோம். கியரைப் பார்த்தோம். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது. ஒரு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்று இருந்தது.

றெக்கைகளைக் கழற்றித் திருப்பிய நண்பன் சிரிக்க ஆரம்பித்தான். ஒன்றின் அடிப்பக்கம், நுனிக்குப் பக்கத்தில், விரல் அகலத்துக்குக் காய்ந்த சந்தனம். அதன் நடுவே குங்குமம். இன்னொன்றில் ஒன்றும் இல்லை.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"நீதான் வெக்காதன்னியே. மனசு கேக்கல. அதான் ஒண்ணுக்கு மட்டும் வச்சேன், அதுவும் உன் கண்ணுல படாம அடியில."

நண்பன் என் தோளுக்கு மேலாக எட்டிக் கத்தினான். "ரெண்டுக்கும் வச்சிருந்தாக்கூடப் பரவால்லம்மா! ஓரவஞ்சன பண்ணிட்டீங்க!"

கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்தேன். "இரு" என்றார் அப்பா. "மொத மொத கெளம்பறப்ப அதப் போயி அழிக்காத."

"இதோட பறக்காதுப்பா."

"ஒங்கம்மா வச்சது."

ஹெலிகாப்டர் பற்றி அவர் சொன்ன முதல் அபிப்பிராயம் இது. வாதாட எனக்குத் தெம்பில்லை. ஈரக் கைக்குட்டையோடு நின்றேன். நண்பன்தான் றெக்கையை வாங்கிக்கொண்டான். "எப்படியும் எடை கம்மியா இருக்கற பக்கம் ஏத்தித்தானே சமன் பண்றோம். இதுக்கும் ஏத்திட்டாப் போச்சு. ஆனா சந்தனம் பேந்து வுழுந்தா கத முடிஞ்சிது." சந்தனத்தை மூடிக் கண்ணாடி டேப்பை இறுக்கி ஒட்டினான். இரண்டு செங்கற்களின் மேல் கம்பியை வைத்தோம். சின்னக் காற்றுக்கே ஆடியது. அப்பா கேட்காமலே போர்வையை இரண்டு கையாலும் விரித்துத் திரைபோல் பிடித்துக்கொண்டார். மற்ற றெக்கையில், சந்தனம் இருந்த அதே தூரத்தில், டேப்பை வெட்டி வெட்டி ஒட்டினேன். போதவில்லை, ஒட்டினேன். ஜாஸ்தியானது, கிழித்தேன். அப்பாவின் கை இறங்கவே இல்லை. கடைசியில் கம்பி அசையாமல் நின்றது.

மாட்டி, விசையை ஏற்றினேன். மண் புழுதி விலகியது. உதறல் இல்லை. சக்கரம் தரையை விட்டது. முழங்கால் உயரம், இடுப்பு உயரம், தலைக்கு மேலே.

"எந்தலைக்கு மேல கொண்டாந்து நிறுத்து" என்றார் அப்பா.

"ஆள் மேல நிறுத்தக் கூடாதுப்பா. றெக்க தலைய வெட்டிரும்."

அவர் திடலின் ஓரத்துக்கு நடந்தார். செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளம் ஒன்று அங்கே இருந்தது. மெல்ல அதில் இறங்கினார். தலை மட்டும் தெரிந்தது. புரிந்துகொண்டு, பள்ளத்துக்கு எட்டத்திலேயே இன்னும் உயரமாக ஏற்றி நிறுத்தினேன். அவர் கழுத்தை ஒடித்து அண்ணாந்து பார்த்தார்.

"கற இருக்குடா!" என்று பள்ளத்திலிருந்து கத்தினார். "காலுகூட இருக்கு!"

பேட்டரி எச்சரிக்கை ஒலித்தது. இறக்கினேன். தூறலும் விழுந்தது.

நண்பனின் வீட்டில் றெக்கைகளைக் கழற்றி உறையில் போட்டு, மற்றதைப் பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றினோம். சந்தனத்தைக் கழுவாமல் டேப்போடு அப்படியே விட்டுவிட்டோம். சிதம்பரத்தில் பேருந்து ஏறியபோது மழை பிடித்துக்கொண்டது. அப்பாவின் மடியில் போர்வை மட்டும் இருந்தது. இன்னும் துணி எடுத்து வைக்கவில்லை, ஓசூர் பேருந்துக்கு முன்பதிவும் செய்யவில்லை என்று யோசித்தபடி ஜன்னலில் தலையைச் சாய்த்தேன். அம்மா கூப்பிட்டாள். பேசத் தெம்பில்லாமல் போனை அப்பாவிடம் கொடுத்தேன்.

"பறந்துதா?" என்று அவள் கேட்டது எனக்கே கேட்டது.

"பறந்துது, பறந்துது" என்றார் அப்பா. "பொட்டலந்தான் போடல. நீ சோத்த வடிச்சி வையி."