உள்ளங்கை அளவுத் துப்பாக்கி

நான் கால்நடை டாக்டராக வேலை பார்த்தவன். முதல் வேலை உப்பிலியபுரத்தில். பச்சைமலை அடிவாரத்தில் ஒரு சின்ன மருந்தகம். ஒரு கம்பவுண்டர், நான், என் சைக்கிள். ஐம்பதுகளின் நடுவில் அந்தப் பக்கம் பஸ் அதிகம் கிடையாது. பசு கன்று போட முடியாமல் கிடக்கிறது என்று ஆள் வந்தால் ஏழெட்டு மைல் மிதித்துத்தான் போக வேண்டும்.

ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் இரண்டு பேர் ரோட்டின் குறுக்கே வந்து என் சைக்கிளை நிறுத்தினார்கள். "சார், தீப்பெட்டி இருக்குங்களா?" என்று ஒருவர் கேட்டார். எனக்குப் புகைப் பழக்கம் இல்லை. இல்லை என்றேன். "சரிங்க, பாத்துப் போங்க. அந்தப் பக்கம் ரோடு பேந்து கெடக்கு" என்று சொல்லி விலகிக்கொண்டார்கள். நடந்தது அவ்வளவுதான். கைத்துப்பாக்கி லைசென்சுக்கு மனு எழுதும்போது இதைத்தான் "அடையாளம் தெரியாத இருவர் வழிமறித்தனர்" என்று எழுதினேன்.

உண்மையான காரணத்தை மனுவில் எழுத முடியாது. சென்னையில் படித்துக்கொண்டிருந்தபோது ரேஸ் மைதானத்தில் ஒரு குதிரைக்குக் கால் ஒடிந்துவிட்டது. மைதானத்து டாக்டர் நிதானமாக நடந்து வந்தார், கோட்டுப் பையிலிருந்து துப்பாக்கியை எடுத்தார், ஒரே ஒரு குண்டு. குதிரை நின்ற இடத்திலேயே மடங்கியது. அவர் கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். மாணவர்கள் நாங்கள் வேலி ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். என்றாவது ஒருநாள் நானும் அப்படி நடந்து வர வேண்டும் என்று அப்போதே மனசில் விழுந்துவிட்டது.

விசாரணைக்கு வந்த சப்-இன்ஸ்பெக்டர் மருந்தக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"உங்களுக்கு யார் மேலயாவது பகை இருக்கா டாக்டர்?"

"இல்லைங்க."

"சொத்துத் தகராறு?"

"சொத்தே இல்லைங்க."

"அப்புறம் எதுக்கு இது?"

மனுவில் எழுதியதையே சொன்னேன். அவர் பென்சிலால் காதைக் குடைந்துகொண்டே கேட்டார். பிறகு தன் வீட்டு எருமை சரியாகப் பால் கறப்பதில்லை என்றார். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். லைசென்ஸ் கைக்கு வர ஒன்பது மாதம் ஆயிற்று. அதற்குள் எனக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்துவிட்டது. தனிவழியில் சைக்கிள் மிதிக்கும் வேலை முடிந்து, புத்தூரில் வாடகை வீடு பிடித்து, ஆஸ்பத்திரிக்கு டவுன் பஸ்ஸில் போய்வர ஆரம்பித்த பிறகுதான் நான் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று சர்க்கார் அனுமதித்தது.

புதிதாக வாங்க எனக்கு வசதி இல்லை. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் தன்னுடையதை விற்க இருப்பதாகத் துப்பாக்கிக் கடைக்காரர் சொன்னார். போனேன். நெற்றி நிறையத் திருமண் இட்டுக்கொண்டு, பஞ்சகச்சத்தோடு, பூஜையை முடித்துவிட்டு வந்தார்.

"வாங்கோ, உக்காருங்கோ. ஆத்துல அவளுக்கு இது இருக்கப்படாது. கல்யாணமான நாளா சொல்லிண்டிருக்கா. இப்பத்தான் நேக்குக் காதுல விழுந்தது" என்றார்.

ஒரு பழைய பட்டுத் துணியில் சுற்றியிருந்தது. பிரித்ததும் எனக்கு ஏமாற்றம்தான். ரேஸ் மைதானத்தில் பார்த்தது நீளமாக, கனமாக இருந்தது. இது உள்ளங்கைக்குள் அடங்கியது. ஸ்பெயின் நாட்டில் செய்தது. குண்டின் அளவு பாயின்ட் இருபத்தைந்து என்றார். சட்டைப்பையில் போட்டால் மூக்குக்கண்ணாடிக் கூடு போலத்தான் தெரியும். கூடவே ஒரு பெட்டி தோட்டா. பெட்டியின் அட்டை பழுத்துப் போயிருந்தது.

"நீங்க எப்பவாவது சுட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"பெருமாள் கிருபை, ஒரு தடவைகூட இல்லை."

அந்தப் பதிலில் இருந்த எச்சரிக்கை எனக்குப் புரியவில்லை. கையில் எடுத்த பிறகு ஏமாற்றம் போய்விட்டது. அது அழகாக இருந்தது. அதை ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். கடைக்காரர் மூலமாகப் பேர் மாற்றி வாங்கிக்கொண்டேன்.

என் மனைவி தொட்டியத்துப் பெண். வாழைத் தோட்டத்தில் வளர்ந்தவள். பாம்பு வந்தால் பதறாமல் கம்பை எடுப்பவள். துப்பாக்கியைப் பார்த்ததும் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"இதை எங்க வைக்கப் போறீங்க?"

"பெட்டியில பூட்டி வைக்கிறேன்."

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். அந்தப் பெட்டியை நான் இனிமே துடைக்க மாட்டேன்."

சொன்னபடியே செய்தாள். அந்த டிரங்குப் பெட்டியின் மேல் மட்டும் தூசி படிந்துகொண்டே இருக்கும். மாதம் ஒருமுறை நான்தான் துடைப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொள்ளிடம் மணலில் ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்துப் போய், ஒரு பிஸ்கட் டின்னை மணல் மேட்டில் வைத்து இரண்டு முறை சுட்டுப் பார்த்தேன். இரண்டாவது பட்டது. சத்தம் நான் நினைத்ததில் பாதிகூட இல்லை. தூரத்தில் துவைத்துக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதன்பின் ஐந்து வருஷம் அதைச் சுடவில்லை. ஆனால் ஊருக்குள் கேஸ் பார்க்கப் போகும்போது சில நாள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவேன். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. அது அங்கே இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

அப்போது திருச்சியில் ஜட்கா வண்டிகள் நிறைய. ஜங்ஷனிலும் சத்திரம் பக்கத்திலும் வரிசையாக நிற்கும். கோட்டைப் பக்கத்து முஸ்லிம் குடும்பத்தார் பலர் வண்டி ஓட்டினார்கள். அவர்களில் ஒருவர் எனக்கு நன்றாகப் பழக்கம். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர். வெள்ளைக் குதிரை ஒன்று வைத்திருந்தார். லாடம் சரியில்லை, தோளில் புண், தீனி எடுக்கவில்லை என்று எதற்கானாலும் அதை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு வருவார். புண்ணுக்கு மருந்து போட்டால், புண் ஆறுகிறவரை வண்டி பூட்ட மாட்டார். அப்படிச் செய்கிற வண்டிக்காரரை நான் வேறு பார்த்ததில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு முற்பகல். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் பசுவைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். மாம்பழச்சாலை அருகே கூட்டம். வெள்ளைக் குதிரை கீழே கிடந்தது. பாலம் வேலைக்காகத் தோண்டிச் சரியாக மூடாமல் விட்ட பள்ளத்தில் முன்னங்கால் இறங்கி, முட்டிக்குக் கீழே எலும்பு வெளியே வந்துவிட்டது. வண்டியில் வந்தவர்கள் இறங்கி நின்றார்கள். வண்டிக்காரர் தரையில் உட்கார்ந்து குதிரையின் தலையை மடியில் வைத்திருந்தார்.

என்னைப் பார்த்ததும், "டாக்டர் சாப், கட்டுப் போட்டா சேருமா?" என்றார்.

"சேராதுங்க" என்றேன்.

அவருக்கும் தெரியும். குனிந்து அதன் நெற்றியைத் தடவினார். "அப்ப அது வலியில கெடக்கக் கூடாது. ஏதாச்சும் செய்யுங்க."

இந்த இடத்தை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். இதற்கான ஊசி மருந்து ஆஸ்பத்திரி அலமாரியில் இருந்தது. சைக்கிளில் ஆள் அனுப்பினால் போய்வர முக்கால் மணி ஆகும். முக்கால் மணி நேரம் அந்தக் குதிரை துடிக்க வேண்டுமா என்று எண்ணியதாகத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையா என்று இன்றுவரை தெரியவில்லை. கை அதற்கு முன்பே சட்டைப்பைக்குப் போயிருந்தது.

போலீஸ்காரர் ஒருவர் அங்கே இருந்தார். லைசென்ஸ் இருக்கிறது என்று சொல்லிக் கூட்டத்தை விலக்கச் சொன்னேன். அவரும் விலக்கினார். வண்டிக்காரர் மட்டும் நகரவில்லை.

"நீங்க தள்ளிப் போங்க" என்றேன்.

"நான் புடிச்சுக்கறேன். நான் இல்லேன்னா பயப்படும்."

தலையைத் தரையில் வைக்கச் செய்து, அவர் கழுத்துப் பக்கம் நகர்ந்த பிறகு, நெற்றியில் வைத்து அழுத்தினேன். டிக்கென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. பழைய தோட்டா, வெடிக்கவில்லை. அதைத் தள்ளிவிட்டு மறுபடி அழுத்தினேன். இந்த முறை வெடித்தது. குதிரை தலையை வெடுக்கென்று தூக்கியது. எழ முயன்று ஒடிந்த காலை ஊன்றி மறுபடி விழுந்தது. அப்போது அது கத்திய சத்தம் குதிரையின் சத்தமாகவே இல்லை. கூட்டத்தில் ஒரு பெண் அழுதுகொண்டே நடந்து போனாள். வண்டிக்காரர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு பேரைச் சொல்லி உருதுவில் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். இன்னும் இரண்டு குண்டு போன பிறகுதான் அடங்கியது.

அந்த ரேஸ் மைதானத்து டாக்டரிடம் இருந்தது வேறு துப்பாக்கி. அவ்வளவு கனமான மண்டைக்கு இந்தச் சின்னக் குண்டு போதாது என்பது டாக்டரான எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாது என்று சொல்ல முடியாது. நான் அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

வண்டிக்காரர் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் குதிரையின் முகத்தை மூடினார். "உங்களுக்குச் சிரமம், சாப்" என்றார்.

சுட்ட தோட்டாவுக்கு லைசென்ஸ் புதுப்பிக்கும்போது விவரம் கொடுக்க வேண்டும். கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா என் காகிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"தற்காப்புக்குன்னு போட்டிருக்கே சார். குதிரை உங்களைத் தாக்க வந்துச்சா?"

"இல்லைங்க."

"அப்ப இதை எந்தக் கணக்குல எழுதறது?"

அவரே கடைசியில் ஏதோ எழுதிக்கொண்டு முத்திரை வைத்தார்.

அடுத்த வாரம் வண்டிக்காரர் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். கோட்டைக்குப் பின்னால் ஒரு சந்து. வண்டி ஏர்க்கால் தரையில் ஊன்றி நின்றது. வெறும் பாயில் உட்காரச் சொன்னார். அவர் மகள் டீ கொண்டுவந்து வைத்தாள். சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனதைச் சொன்னேன்.

"ஆஸ்பத்திரியில ஊசி இருந்துச்சுங்க. நான் ஆள் அனுப்பியிருக்கணும். அந்தத் துப்பாக்கி அதுக்கு ஆகாதது. நான் செஞ்சது தப்பு."

அவர் டீயை என் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க வேணும்னு செய்யலை. அது எனக்குத் தெரியும். ஆனா சாப், முதல் வெடிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல அது என்னையே பாத்துச்சு. நான்தான் ஏதோ செஞ்சுட்டேன்னு நெனச்சிருக்கும். அதுதான் எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது."

நான் டீயைக் குடித்தேன்.

மறுநாளிலிருந்து அந்த ஊசி மருந்தை என் தோல்பையிலேயே வைத்துக்கொண்டேன். பத்து வருஷத்தில் அது எத்தனையோ தடவை தேவைப்பட்டது. ஆனால் துப்பாக்கியை உடனே விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய். வெளியே எடுத்துப் போவதை நிறுத்தினேன், அவ்வளவுதான். இரண்டு வருஷம் அது பெட்டியில் கிடந்தது. எண்ணெய் போட்டேன், துடைத்தேன், லைசென்சைப் புதுப்பித்தேன். ஒரு தேர்தலுக்கு முன் எல்லோரும் ஆயுதங்களை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைத்தேன். தேர்தல் முடிந்து மூன்று மாதம் ஆகியும் திரும்ப வாங்கப் போகவில்லை. நினைவே வரவில்லை என்பதை ஒருநாள் கவனித்தேன்.

விற்கலாம் என்றால் கடைக்காரர் தோட்டா கிடைக்காத சாமானை யார் வாங்குவார்கள் என்று கையை விரித்தார். கலெக்டர் ஆபீசுக்குப் போய் லைசென்சோடு அதையும் ஒப்படைத்துவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். காரணம் கேட்டிருந்த இடத்தில் "தேவையில்லை" என்று எழுதினேன். மனுவில் எழுதியதைவிட அது சுருக்கமாக இருந்தது; சரியாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கொடுத்தாச்சா?"

"ஆச்சு."

"யாரும் ஒண்ணும் கேக்கலையா?"

"கேக்கலை."

"சரி, கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றாள்.