மெட்ராஸிலிருந்து வந்த கண்

மூன்றாம் வகுப்பில் நான் மொத்த மெட்ராஸுக்கும் பிரதிநிதியாக இருந்திருக்கிறேன். என் வாயாலேயே தேடிக்கொண்ட பதவி. இத்தனைக்கும் எங்கள் ஊர் கோயம்புத்தூர். மெட்ராஸை நான் பார்த்ததுகூடக் கிடையாது.

அப்பாவுக்குப் புனேயில் தொழிற்சாலை வேலை, நிக்டியில் வீடு. தொண்ணூறுகளின் நடுவில், தினமும் அவருடைய ஸ்கூட்டரில் முன்னால் நின்றபடி பள்ளிக்குப் போவேன். எங்களுக்கு முன்னால் எப்போதும் ஒரு சிக்ஸ் சீட்டர் போகும். ஆறு பேருக்கான அந்த டீசல் ஆட்டோவில் பன்னிரண்டு பேர் தொங்குவார்கள். அது விடும் கரும்புகையில் அப்பாவின் பங்கையும் சேர்த்து நானே வாங்கிக்கொள்வேன். அந்தக் குளிர்காலத்தில் என் கண்கள் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்தன.

"ஏங்கண்ணு, கண்ணக் காட்டு கண்ணு," என்று பார்த்த அம்மா, அப்பாவிடம் தீர்ப்புச் சொன்னாள். "ஏனுங்க, புள்ளைக்கு மெட்ராஸ் ஐ வந்திருக்குதுங்க."

பரீட்சை இருந்ததால் பள்ளிக்கு விலக்கில்லை. மராத்தியில் கண்வலியை 'டோளே ஆலே' என்பார்கள். கண்கள் வந்தன என்று பொருள். பாயி, அதாவது எங்கள் டீச்சர், "டோளே ஆலே கா?" என்று கேட்டார். வியாதியின் முறையான பெயரைச் சொல்லிவைப்போமே என்று எழுந்து நின்று, "மெட்ராஸ் ஐ, பாயி," என்றேன்.

"அவ கண்ணு மெட்ராஸ்லேர்ந்து வந்துருக்கு பாயி," என்றான் ஒருவன்.

"ரயில்லயா?" என்றான் இன்னொருவன்.

வகுப்பு சிரித்தது. பாயி சிரிக்காமல் என்னைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார்.

அதுவரை முன் பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவள் ஸ்மிதா. அந்தப் பள்ளியில் எனக்கிருந்த ஒரே தோழி. என் மராத்தியைத் திருத்தாமல் கேட்கும் ஒரே ஆளும்கூட. நான் பையை எடுத்தபோது அவள் கண்களைப் பொத்திக்கொண்டாள். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று அம்மா சொல்லியிருந்ததை, காலையில் அவளுக்கு மராத்தியில் விளக்கியிருந்தவள் நானேதான்.

பத்து நாள் அங்கே தனியாக உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் டப்பாவைத் திறந்தால் தயிர்சாதத்துக்கு எதிரே யாருமில்லை. சுவரில் மாட்டியிருந்த மகாராஷ்டிர வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். அதில் மெட்ராஸும் இல்லை, கோயம்புத்தூரும் இல்லை.

சிவப்பு போகவில்லை என்று அப்பா கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். விளக்கடித்துப் பார்த்தவர், இது தொற்றே இல்லை, ரோட்டுப் புகையும் தூசியும்தான், குழந்தையை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வையுங்கள் என்றார். பள்ளிக்கும் அப்படியே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அதைப் பாயியிடம் நீட்டினால் என் இடம் எனக்குத் திரும்பிவிடும்.

மறுநாள் சீட்டோடு வகுப்புக்குள் நுழைந்தேன். கடைசி பெஞ்சில் ஸ்மிதா உட்கார்ந்திருந்தாள். கண்கள் ரத்தச் சிவப்பு.

"எல்லாம் உன்னாலதான்டி," என்றாள். பிறகு நகர்ந்து இடம் விட்டாள்.

அவள் தினமும் சிக்ஸ் சீட்டரில் தொங்கிக்கொண்டுதான் பள்ளிக்கு வருவாள் என்பதை இன்று என்னால் இதோடு சேர்த்துப் பார்க்க முடிகிறது. அன்று எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: சீட்டைக் கொடுத்தால் நான் முன் பெஞ்சுக்குப் போவேன், அவள் இங்கேயே இருப்பாள். சீட்டைக் காம்பஸ் பெட்டிக்குள் மடித்து வைத்துவிட்டேன்.

அடுத்த இரண்டு வாரமும் அமர்க்களம். என் தயிர்சாதம் அவளுக்கு, அவளுடைய சப்பாத்தி எனக்கு. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார ஆரம்பித்ததில் என் கண் தெளிந்துகொண்டே வந்தது. பள்ளி வாசலில் இறங்கியதும் நன்றாகத் தேய்த்துச் சிவக்க வைத்துக்கொண்டுதான் உள்ளே போவேன்.

"இது எப்படி போகும்?" என்று ஸ்மிதா அடிக்கடி கேட்பாள்.

"போகும், மெதுவா," என்பேன், மெட்ராஸின் சார்பில்.

பாடத்தின் நடுவே அவள் புறங்கையால் கண்ணைக் கசக்குவாள். நான் தடுக்கமாட்டேன். இன்னும் கொஞ்சம் கசக்கட்டும் என்றே இருக்கும். எனக்கு எரிந்த மாதிரிதானே அவளுக்கும் எரியும் என்பது, சத்தியமாக, எனக்குத் தோன்றவே இல்லை.